ரிசப்ஷன் - 2

கம்ப்யூட்டர் வாங்கப் போவதாக வெளியில் வாயைத் திறந்துவிடாதீர்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம் என்றால்கூட ஜனங்கள் "நல்லபடியா அமையட்டும்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் என்றால் மட்டும் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, "புதுசா, செகண்ட்ஸா?" என்று நின்றுவிடுகிறார்கள். நான் எங்கள் அடுக்குமாடி லிஃப்டில் வைத்து உளறிவிட்டேன். மூன்றாவது மாடி வருவதற்குள் ஆளுக்கொரு யோசனை. லிஃப்ட் சர்வீஸுக்கு வந்திருந்த பையன்கூட, கையில் ஸ்பேனரோடு, "எதை வாங்கினாலும் எஸ்எஸ்டி இருக்கான்னு பாத்துக்கங்க சார்" என்றான். அந்தக் கூட்டத்தில் விஷயம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். நான் அவனை முறைத்துவிட்டு இறங்கினேன்.

வீட்டில் இருந்த பெட்டி 2012இல் அசெம்பிள் செய்தது. ஒரு நாள் காலையில் ஆன் செய்தால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கும்மிருட்டு. மெக்கானிக் வந்து பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளேயிருந்து பல்லி முட்டை ஓடு இரண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதன்பிறகு, மதர்போர்டில் கெபாசிட்டர்கள் உப்பிப்போயிருப்பதைக் காட்டினார். "மாத்திடலாமா?" என்றேன். "மாத்தலாம் சார். ஆனா எதுக்கு?" என்றார். அந்த 'எதுக்கு'க்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

இனிமேல்தான் என் திறமை. முப்பது வருஷத்துக்கு மேல் மத்திய அரசுக் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். அடுத்தவர்கள் வாங்கிய மேஜை, நாற்காலி, ஸ்டேப்ளருக்கெல்லாம் 'மூன்று விலைப்புள்ளிகள் ஏன் பெறப்படவில்லை?' என்று குறிப்பு எழுதியே முடி கொட்டியவன். சொந்தக் காசில் வாங்கும்போது விட்டுவிடுவேனா? நீள நோட்டில் கோடு போட்டு ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். இடது பக்கம் புதியது, வலது பக்கம் ரீஃபர்பிஷ்டு. விலை, வாரன்டி, வேகம், ஆயுள் என்று வரிசையாகக் கட்டம். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்தாள்.

"கடைசியில 'பரிந்துரை'ன்னு ஒரு கட்டம் காலியா இருக்கே?"

"அது மேலதிகாரி நிரப்புறது" என்றேன், பழக்கதோஷத்தில்.

"அப்ப பேனாவைக் குடுங்க" என்றாள்.

வீட்டில் விவாதம் இரண்டு கட்சியாக நடந்தது. நான் இரண்டு கட்சியிலும் அடிப்படை உறுப்பினர். எவர் பேசினாலும் அவர் சொல்வது சரி என்று தோன்றிவிடும். புதுசு கட்சியின் தலைவர் முதல் மாடியில் இருக்கும் ரிட்டயர்டு வங்கி மேனேஜர். "பழசு வாங்குறது அடுத்தவன் தலைவலியைக் காசு குடுத்து வாங்குறது சார்" என்பது அவருடைய கொள்கை. அவர் புதிதாக வாங்கிய ஆல்-இன்-ஒன் ஒன்றைக் கூப்பிட்டுக் காட்டினார். பளபளவென்றுதான் இருந்தது. ஸ்விட்சைப் போட்டுவிட்டு எனக்குக் காபி கொடுத்தார். காபியைக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்து, பேத்தியின் பரிசுக் கோப்பைகளைப் பார்த்து முடித்த பிறகு திரையில் 'வெல்கம்' வந்தது. பெட்டி புதுசு; உள்ளே செலரான் ப்ராசஸர், பழைய காலத்துச் சுழலும் ஹார்ட் டிஸ்க். லிஃப்ட் பையன் சொன்ன எஸ்எஸ்டி எனக்கு அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. காபி நன்றாக இருந்தது.

பழசு கட்சிக்கு என் மச்சினன். ஓஎம்ஆரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை. "மாமா, பழசுன்னு சொல்லாதீங்க, ரீஃபர்பிஷ்டு" என்றுதான் ஆரம்பித்தான். பெரிய கம்பெனிகள் டெஸ்க்டாப்புகளை மொத்தமாக வாங்கும், அல்லது லீஸுக்கு எடுக்கும். மூன்று நான்கு வருஷத்தில் வாரன்டி முடிந்ததும் நன்றாக ஓடுவதையும் சேர்த்து லாட்டாக வெளியே தள்ளிவிடும். அதை எடுப்பவர்கள் துடைத்து, சோதித்து, போனதை மாற்றி விற்கிறார்கள். ஆப்டிப்ளெக்ஸ், எலைட்டெஸ்க், திங்க்சென்டர் என்று அந்தப் பெட்டிகளுக்குத் தனிப் பெயர். ஆபீஸுக்கென்றே கெட்டியாகச் செய்தவை. "வருஷம் பூரா ஏசியிலயே இருந்த மெஷின் மாமா" என்றான். நான் சர்வீஸில் இருந்தவரை என் மேஜைக்கு ஃபேன்கூட எதிர்த் திசையில்தான் திரும்பும். பெட்டியின் மேல் லேசாகப் பொறாமை வந்தது.

அதோடு விட்டானா? "பழசுலயும் எந்தப் பழசுங்கறதுதான் மாமா விஷயம்" என்று பாடம் எடுத்தான். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு கையைக் கழுவிவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, இன்டெல் ப்ராசஸரில் எட்டாவது ஜெனரேஷனோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்று ஒரு பாதுகாப்புச் சமாச்சாரமும் வேண்டும். ஆகவே ஆறாம், ஏழாம் ஜெனரேஷன் பெட்டிகளைக் கம்பெனிகள் கொட்டித் தீர்க்கின்றன, அடிமாட்டு விலை. ஏழாவது டெஸ்க்டாப்புக்கு வந்தது 2017 ஜனவரியில். எட்டாவது டெஸ்க்டாப்புக்கு வந்தது அதே வருஷம் அக்டோபரில். சில மாத வித்தியாசத்தில் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. இதைக் கேட்டதும் எனக்கு ஏழாம் ஜெனரேஷன் மேல் தாங்க முடியாத பாசம் பொங்கிவிட்டது. ஜூன் 30ஆம் தேதி ரிட்டயராகி, ஜூலை 1ஆம் தேதி இன்கிரிமென்ட்டைக் கோட்டை விட்ட கோஷ்டி நான். அந்த வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். "ஏழாவதையே வாங்கிடலாமே, பாவம்" என்றேன். மச்சினன் அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்த்தாள். என்னை யாரும் பார்க்கவில்லை.

'ஐ5' என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டக் கூடாது என்பது அடுத்த பாடம். 2009இல் முதன்முதலாக வந்ததும் ஐ5தான், பத்து வருஷம் கழித்து வந்ததும் ஐ5தான். பின்னால் வரும் எண்ணைக் கேட்க வேண்டும். 6500 என்றால் ஆறாவது. 8500 என்றால் எட்டாவது. 10400 என்றால் பத்தாவது. எட்டாவதில் இன்னொரு லாபம், அதுவரை நாலு கோராக இருந்த டெஸ்க்டாப் ஐ5 அதில்தான் ஆறானது. கோர் என்றால் என்ன என்று கேட்டேன். "வேலை செய்யற ஆளுங்கன்னு வச்சுக்கங்க மாமா." எங்கள் செக்‌ஷனில் பதினெட்டுப் பேர் இருந்தோம், வேலை செய்யும் கோர் எத்தனை என்பதை நான் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

மச்சினன் ஒரு துண்டுச் சீட்டில் கேள்விகள் எழுதிக் கொடுத்தான். ஒப்பீட்டுப் பட்டியல், சீட்டு, பழைய பெட்டியின் புகைப்படம், என் மனைவி என்ற சகல ஆவணங்களோடும் மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனேன். பெயர்தான் ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பெயர் ஓடுகிறது. ரேடியோ வால்வு காலத்திலிருந்து இருக்கிற மார்க்கெட். சந்துக்குள் நுழைந்ததும் "சிசிடிவியா சார்? டோனரா? லேப்டாப் பேட்டரியா?" என்று பையன்கள் சூழ்ந்துகொள்வார்கள். என்னை ஒருவன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரிமோட்டா சார்?" என்றான். என் மூஞ்சிக்கு அவ்வளவுதான் மதிப்பு.

முதலில் புதுக் கம்ப்யூட்டர் கடை. கண்ணாடிக் கதவு, ஏசி, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞர். பிராண்டட் டவர், ஐ3, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி: 43,000 ரூபாய். மானிட்டர் தனி. எக்செல் வேண்டுமானால் அதுவும் தனி. விலை ஏன் இப்படி என்றால், "ஏஐ டேட்டா சென்டருங்களுக்கே மெமரி எல்லாம் போயிடுது சார், ரேம் விலை ஏறிக்கிட்டே இருக்கு" என்றார். யாரோ அமெரிக்காவில் கம்ப்யூட்டரிடம் கவிதை எழுதச் சொன்னதற்கு நங்கநல்லூரில் நான் காசு கொடுக்க வேண்டுமாம். பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்ச் எடுப்பீர்களா என்று புகைப்படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். "போட்டோவைப் பத்திரமா வச்சுக்கங்க சார், ஞாபகத்துக்கு."

என் மனைவி அங்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ரிப்பேர் ஆனா யார் வருவாங்க?"

"ஒரு வருஷத்துக்கு கம்பெனி இன்ஜினியரே வீட்டுக்கு வருவாரும்மா."

அவள் தலையசைத்தாள். ஒப்பீட்டுப் பட்டியலில் அந்தக் கேள்விக்குக் கட்டமே இல்லை.

ரீஃபர்பிஷ்டு கடைகளில் முதல் கடைக்காரர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். "விண்டோஸ் ஒரிஜினலா?" என்றேன். "ஒரிஜினல் மாதிரியேதான் சார் இருக்கும்" என்றார். வெளியே வந்துவிட்டோம். அடுத்தது இரண்டாவது மாடி; பாதிப் படிக்கட்டை அட்டைப் பெட்டிகள் அடைத்திருந்தன. உள்ளே கறுப்புப் பெட்டிகள் கூரை வரை அடுக்கு. ஒரு மூலையில் ப்ளோயரால் தூசி ஊதிக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு ஆபீஸின் பத்து வருஷத் தூசி என் சட்டையில் வந்து உட்கார்ந்தது.

இருபது வயதுப் பையன் ஒருவன் டெல் ஆப்டிப்ளெக்ஸ் ஒன்றை மேஜைமேல் தூக்கி வைத்து, ஒரு கொக்கியை இழுத்தான். ஸ்க்ரூடிரைவரே இல்லாமல் மூடி கழன்று வந்தது. நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சீட்டைப் பிரித்தேன். "பயோஸ்..." என்று ஆரம்பித்தேன். "பாஸ்வேர்டு இல்ல சார், பழைய கம்பெனி பூட்டு எல்லாம் எடுத்தாச்சு" என்று எஃப்2 தட்டித் திறந்து காட்டினான். "சர்வீஸ்..." என்றேன். "டேக் நம்பர் பின்னால இருக்கு சார், டெல் சைட்ல போட்டா எப்ப அனுப்பினதுன்னு வரும்." மச்சினனுக்குப் போன் போட்டு ஏழு எழுத்தையும் வாசித்தேன், பி என்றால் டி என்றான், டி என்றால் ஈ என்றான், கடைசியில் பையனே போனை வாங்கிச் சொன்னான். 2019. ஐ5-8500. சரிதான்.

ஹார்ட் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பது சீட்டில் கடைசிக் கேள்வி. ஒரு சாஃப்ட்வேரைத் திறந்தான்: 18,000 மணி. இங்கேதான் என்னுள் இருந்த கணக்கன் எழுந்தான். வருஷத்துக்கு 250 வேலை நாள், நாளுக்கு 9 மணி, ஆக 2,250. பதினெட்டாயிரத்தை வகுத்தால் எட்டு வருஷம். "2019இல் செய்த மெஷின் எட்டு வருஷ டியூட்டி எப்படிப் பார்த்தது? விளக்கம் தேவை" என்றேன். கடையில் ப்ளோயர்கூட ஒரு நிமிஷம் நின்றது.

"ராத்திரியில ஆஃப் பண்ண மாட்டாங்க சார்" என்றான் பையன். "அந்த ஹார்ட் டிஸ்க் எப்படியும் உங்களுக்கு இல்ல. புது எஸ்எஸ்டி போட்டுத் தர்றோம்."

என் சர்வீஸிலேயே மிக நேர்த்தியான ஆட்சேபணை அது. ஒரு வாக்கியத்தில் பைசல் பண்ணிவிட்டான்.

16 ஜிபி ரேம், புது எஸ்எஸ்டி, போர்டோடு வந்த விண்டோஸ் லைசென்ஸ், செட்டிங்ஸில் 'ஆக்டிவேட்டட்' என்று காட்டினான். எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய், ஆறு மாசம் கடை வாரன்டி. ஒரே ஒரு விஷயம் நானாகப் பிடித்தேன்: சின்ன சைஸ் பெட்டிகளில் பவர் சப்ளை அந்த மாடலுக்கென்றே செய்தது, தெருமுனைக் கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. "அது எங்ககிட்ட இருக்கும் சார்" என்றான். என் மனைவி தன் ஒற்றைக் கேள்வியை எடுத்தாள்.

"ரிப்பேர் ஆனா யார் வருவாங்க?"

"நீங்கதாம்மா எடுத்துட்டு வரணும்."

அவள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பரவாயில்ல, இவர் சும்மாதான இருக்கார்" என்று பையைத் திறந்து பணத்தை எண்ணினாள். புதியதற்கும் பழையதற்கும் இருந்த 24,500 ரூபாய் வித்தியாசத்துக்கு ஈடாக என் ஓய்வுக்காலம் பற்று எழுதப்பட்டது. வீடியோ எடிட்டிங், பெரிய விளையாட்டு என்று கேட்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் புதுசுதான் வாங்க வேண்டும் என்று இப்போதும் சொல்வேன். கணக்கு வழக்கும் கரண்ட் பில்லும் பார்க்கிறவனுக்கு, எட்டாம் ஜெனரேஷனும் எஸ்எஸ்டியும் தாராளம். இந்த ஞானத்தை நான் கடையில் சொல்லவில்லை. சொல்ல இடம் கிடைக்கவில்லை.

திரும்பும்போது மெட்ரோ வாசலில் பெட்டியை ஸ்கேனரில் வைக்கச் சொன்னார்கள். ரப்பர் திரைக்குள் போய் வந்தது. "என்ன சார் இது?" என்றார் காவலாளி. "கம்ப்யூட்டர்" என்றேன். அவர் திரையில் இன்னொரு முறை பார்த்தார். "புதுசா, செகண்ட்ஸா?"

வீட்டுக்கு வந்து இணைக்க உட்கார்ந்தேன். என் மானிட்டரில் இருப்பது நீல நிற விஜிஏ வயர், பதினைந்து ஊசி. பெட்டியின் பின்னால் இருப்பது டிஸ்ப்ளேபோர்ட் என்னும் சப்பைத் துளை. வயரைத் திருப்பிப் பார்த்தேன், பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், கடைசியில் நான் எழுந்துபோய் மறுபக்கத்திலிருந்து பார்த்தேன். பொருந்தவில்லை. கன்வெர்ட்டர் வாங்கி வந்தேன். படம் வந்தது, இன்டர்நெட் வரவில்லை. ஆபீஸில் எல்லாம் சுவரிலிருந்து கேபிள் வருமாம், ஆகவே பெட்டியில் வைஃபையே கிடையாதாம். விரல் நுனி அளவு டாங்கிள் ஒன்று வாங்கி வந்தேன். அது வந்தபிறகு பெங்களூரில் இருக்கும் பேரனைப் பெரிய திரையில் கூப்பிட்டோம். அவன் தெரிந்தான், நாங்கள் தெரியவில்லை. "தாத்தா, கேமராவைத் திறங்க" என்றான். டெஸ்க்டாப்பில் கேமரா எங்கே இருக்கும்? மானிட்டரின் உச்சியைத் தடவித் தடவிப் பார்த்தேன். என் மனைவி போனை எடுத்து, அதிலேயே கூப்பிட்டு, அரை மணி நேரம் சிரித்துப் பேசினாள். நான் செலவுகளை ஒப்பீட்டுப் பட்டியலின் ஓரத்தில் 'இதர இனங்கள்' என்று போட்டுக் கூட்டினேன். கூட்டுத்தொகையை யாரும் கேட்கவில்லை. நானும் உரக்கப் படிக்கவில்லை.

ஆனால் வேகம்? ஸ்விட்சைப் போட்டுவிட்டு நாற்காலியை இழுப்பதற்குள் தயாராக இருக்கிறது. முதல் மாடிக்காரரை அழைத்துக் காட்டினேன். காபிக்கு டிகாக்‌ஷன் இறங்கும் முன்பே திரை வந்துவிட்டதால், அவருக்குக் காபி கொடுக்காமலே அனுப்ப வேண்டியதாயிற்று.

ஒட்டுச்சீட்டை முதலில் கண்டுபிடித்தது என் மனைவிதான், ஈரத்துணியால் மேல்பக்கம் துடைக்கும்போது. பழைய கம்பெனிக்காரர்கள் ஒட்டிய சொத்துச் சீட்டு. கம்பெனி பெயரை யாரோ பிளேடால் சுரண்டியிருந்தார்கள். பார்கோடு பாதி. அதன் கீழே கெட்டி எழுத்தில், ஆங்கிலத்தில், 'ரிசப்ஷன் - 2'. தேங்காயெண்ணெய் தடவினேன், மண்ணெண்ணெய் தடவினேன், நகத்தால் பெயர்த்தேன். பார்கோடு போயிற்று, எழுத்து அசையவில்லை. ஏதோ கண்ணாடி மாளிகையில், வருகிறவர்களை எல்லாம் சோபாவில் உட்காரச் சொன்ன பெட்டி. இப்போது எங்கள் ஹாலில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், வாசலைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கேதான் பிளக் பாயின்ட்.

அந்தச் சீட்டுக்கு ஏதோ ராசி இருக்க வேண்டும். விஷயம் கட்டிடம் பூராவும் பரவி, கரண்ட் பில், சொத்து வரி, பாஸ்போர்ட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் என்று ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். காலை பத்து மணிக்கு ஏசி தட்கல் திறக்கும், பதினொன்றுக்கு ஸ்லீப்பர். அந்த நேரத்தில் எங்கள் வாசலில் செருப்பு நிரம்பிவிடுகிறது. லிஃப்ட் சர்வீஸ் பையன் வந்து, எஸ்எஸ்டி போட்டிருக்கிறேனா என்று சோதித்துவிட்டு, ஐடிஐ விண்ணப்பம் ஒன்றைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனான்.

போன வாரம் முதல் மாடிக்காரர் கையில் ஒரு ஃபைலோடு வந்தார். ஆல்-இன்-ஒன் படுத்துவிட்டதாம். கம்பெனி இன்ஜினியர் கண்டிப்பாக வருவாராம். தேதி மட்டும் இன்னும் சொல்லவில்லையாம். நேராக என்னிடம் வரப் பார்த்தவரை என் மனைவி சோபாவைக் காட்டி உட்கார வைத்தாள். என்ன வேலை, அவசரமா, எத்தனை பக்கம் பிரின்ட் என்று நின்றபடியே விசாரித்தாள். பிறகு, நாலடி தள்ளி உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பி,

"ஏங்க, ஒருத்தர் வந்திருக்கார். உள்ள அனுப்பட்டுமா?" என்றாள்.